பொலிஸ்காரருக்கும் ஒரு சங்கம் வேண்டும்

ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது யாருக்கும் மறந்திருக்காது. மண்சரிவு, வெள்ளம், அறுந்துபோன பாதைகள். அந்த நாட்களில் வீதியில் நின்ற சீருடைக்காரர்களைப் பற்றி எல்லோரும் நல்ல வார்த்தை சொன்னோம். படம் எடுத்துப் போட்டோம், துஆ கேட்டோம். அதற்குப் பிறகு ஒருநாள் நமது வட்ஸ்அப் குழுமம் ஒன்றில் "பொலிஸுக்கும் தொழிற்சங்கம் வைக்க உரிமை வேண்டும்" என்று ஒருவர் எழுதியபோது வந்த பதில்களை வாசித்தேன். "லஞ்சம் எடுக்கிறது காணாதா, சங்கமும் வேணுமா?" என்று ஒரு நானா. "அவங்க ஸ்ட்ரைக் பண்ணினா கள்ளன் வீட்டுக்குள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போவான்" என்று இன்னொருவர். சிரிப்புக் குறிகள் நிறைய. எழுதியவர் கடைசியில் தன் பதிவை அழித்துவிட்டார்.

அந்தக் கேள்வியை அப்படிச் சிரித்துக் கடந்துவிட முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் தொழிற்சங்கங்களை ஆளுவது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்: 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். அரச ஊழியர் சங்கம் அமைக்கலாம் என்று அனுமதிக்கிற இதே சட்டம்தான் சிலரை வெளியே நிறுத்துகிறது. நீதிச்சேவை அதிகாரிகள், ஆயுதப்படையினர், பொலிஸார், சிறைச்சாலை அதிகாரிகள். இவர்கள் சங்கம் அமைக்கவும் முடியாது, சேரவும் முடியாது.

அரசியலமைப்பில் உறுப்புரை 14(1) தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை தருகிறது. பிறகு 15(8) வந்து, ஆயுதப்படை, பொலிஸ், பொது அமைதி காக்கும் ஏனைய படைகள் விடயத்தில் கடமையைச் சரிவரச் செய்வதற்கும் ஒழுக்கத்துக்கும் தேவையான கட்டுப்பாடுகளைச் சட்டத்தால் விதிக்கலாம் என்கிறது. கவனியுங்கள்: கட்டுப்பாடு விதிக்கலாம் என்றுதான் இருக்கிறது. முழுவதுமாகப் பறித்துவிட வேண்டும் என்று இல்லை. ஒரு உரிமைக்கு வேலி போடுவது வேறு, அந்தக் காணியையே எடுத்துக்கொள்வது வேறு. நாம் 90 வருடமாக இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

சங்கம் என்பது ஒன்று, கூட்டுப் பேரம்பேசல் என்பது இன்னொன்று. இந்த வித்தியாசம் மாத்தளைக்காரருக்கு நன்றாக விளங்கும், ஏனென்றால் ரத்தோட்டைப் பக்கமும் எல்கடுவைப் பக்கமும் தோட்டங்களில் "கூட்டு ஒப்பந்தம்" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் மேசையில் இருந்து நாட்சம்பளத்தைத் தீர்மானித்தன. 2021 இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாயைத் தீர்மானித்ததும் கம்பனிகள் ஒப்பந்தத்தை விட்டு விலகின. அந்த ஒப்பந்தத்தில் குறைகள் ஆயிரம் இருந்தன, சங்கங்கள் மீதும் குறைகள் இருந்தன. ஆனாலும் ஒரு மேசை இருந்தது. இரண்டு பக்கமும் உட்கார்ந்தன. கையெழுத்து வைத்த தாளுக்குச் சட்டப் பெறுமதி இருந்தது.

அரச ஊழியருக்கு அந்த மேசையே இல்லை. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரசாங்கம் முதலாளியாக இருக்கும் இடத்தில் செல்லாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதாவது ஆசிரியரான எனக்குச் சங்கம் உண்டு, சந்தா கட்டுகிறேன், ஆனால் என் சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் செய்தே ஆக வேண்டும் என்று அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்துகிற சட்டம் கிடையாது. எங்களிடம் இருப்பது ஒரே ஆயுதம்: வேலையை நிறுத்துவது.

2021 ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 12 ஆம் திகதி ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகினோம். 24 வருடமாக இழுபட்ட சம்பள முரண்பாடு. ஒக்டோபர் கடைசிவரை போராட்டம் போனது. பிள்ளைகளின் படிப்புப் போய்விட்டது என்று பெற்றோர் எங்களைத் திட்டினீர்கள், அதில் நியாயமும் இருந்தது. முடிவில் 2022 ஜனவரியில் முரண்பாட்டின் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் ஏதோ கிடைத்தது, ஏனென்றால் பாடசாலைகள் நின்றன.

அந்த நாட்களில் ஆர்ப்பாட்டங்களில் எங்களைக் கைதுசெய்தவர்கள் யார்? பொலிஸார். இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் பிணை கிடைத்த பிறகும் தனிமைப்படுத்தல் என்ற பேரில் பஸ்ஸில் ஏற்றி முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றியவர்களின் சம்பளத்தைக் கேட்டிருந்தால், அவர்களில் பலருக்கும் எங்களுடைய அதே பிரச்சினைதான். பதவியுயர்வு தாமதம், படி போதாமை, வருடக்கணக்கில் முடியாத முறைப்பாடுகள். எங்களுக்குக் கத்த ஒரு வாய் இருந்தது. அந்த வாயைப் பொத்த வந்தவருக்கு வாயே இல்லை. இந்த வேடிக்கையை அன்றைக்கு யாரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை இன்று பொலிஸ் கான்ஸ்டபிள். எந்த மாவட்டம், எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. லீவில் ஊருக்கு வந்தால் வந்து பார்ப்பான். ஒருமுறை கேட்டேன், "எத்தின மணித்தியாலம் டியூட்டி?" சிரித்தான். "சேர், எங்களுக்கு டியூட்டி முடியிற நேரம்னு ஒண்டு இல்ல." நான் அது மிகைப்படுத்தல் என்று நினைத்தேன். பிறகு தேடிப் பார்த்தால் அது சட்டத்திலேயே இருக்கிறது. 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தர் எப்போதும் கடமையில் இருப்பதாகவே கருதப்படுவார் என்று சொல்கிறது. குற்றம் நடக்கும் இடத்தில் "நான் இப்போது லீவில்" என்று ஒரு பொலிஸ்காரர் ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட ஏற்பாடு அது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 160 வருடத்துக்குப் பிறகு அதன் நடைமுறைப் பொருள், பெருநாளா, தேர்தலா, பெரஹராவா, பிரமுகர் வருகையா, எதுவானாலும் லீவு ரத்து என்பதாக ஆகிவிட்டது. அவனுக்கு மகள் பிறந்த கிழமை அங்கீகரித்த லீவை ரத்துச் செய்தார்கள். மகளைப் பதினொராம் நாள்தான் கையில் எடுத்தானாம். முறையிட்டாயா என்று கேட்டேன். "யாருக்கிட்ட சேர்? லீவை வெட்டினவருக்கிட்டத்தானே முறையிடணும்."

இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவின் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி மனிதன் மேலதிகாரியிடம் போய் நின்றால் அவன் பிரச்சினைக்காரன். ஐம்பது பேர் சேர்ந்து தெரிவுசெய்த ஒருவர் போய் நின்றால் அது பேச்சுவார்த்தை.

இனி நம் சமூகத்தில் பலருடைய மனதில் இருக்கிற, ஆனால் சபையில் சொல்லாத கேள்விக்கு வருகிறேன். பொலிஸுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?

2012 ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமை தம்புள்ளை ஹைரியா பள்ளிவாசலுக்குள் கும்பல் புகுந்தபோது பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். 2014 ஜூனில் அளுத்கம. 2018 மார்ச்சில் திகன, நம் பக்கத்து மாவட்டம், அங்கிருந்து வந்த சொந்தக்காரர்கள் நம் வீடுகளில் தங்கினார்கள். 2019 மே மாதத்தில் குருணாகல், மினுவாங்கொடை. அதே 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு வீட்டில் குர்ஆன் மொழிபெயர்ப்பும் அரபுப் புத்தகமும் இருந்ததற்காகவே விசாரிக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். இதையெல்லாம் மறந்துவிட்டு எழுதவில்லை. அதே ஏப்ரல் 21 அன்று தெமட்டகொடையில் அந்த வீட்டுக்குள் சோதனைக்குப் போன மூன்று பொலிஸார் வெடித்துச் செத்ததையும் மறக்கவில்லை.

என் கணிப்பு இது. திகனவில் நின்ற கான்ஸ்டபிளில் இரண்டு வகை இருந்திருப்பான். ஒருவன் மனதிலேயே கும்பலோடு இருந்தவன். அவனுக்குச் சங்கம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவன் அப்படித்தான். அவனுக்குத் தேவை விசாரணையும் தண்டனையும். மற்றவன், தடுக்க வேண்டும் என்று தெரிந்தும், மேலிருந்து உத்தரவு வரவில்லை என்று கைகட்டி நின்றவன். உத்தரவில்லாமல் தடுத்தால் நாளைக்கு எந்த அரசியல்வாதி யாருக்குக் கோல் எடுப்பார், எந்தத் தூரத்து நிலையத்துக்கு மாற்றல் கடிதம் வரும் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளையின் பாடசாலை, மனைவியின் வேலை, வீட்டுக் கடன் எல்லாம் அந்த ஒரு கடிதத்தில் தொங்குகிறது. நம் நாட்டில் பொலிஸ்காரரை அடக்கி வைத்திருக்கிற கயிறு இடமாற்றம்தான். ஆசிரியர்களுக்கும் அது தெரியும், ஆனால் எங்களுக்கு இடமாற்ற சபையில் சங்கப் பிரதிநிதி இருந்து வாதாடுவார்.

"அதற்குத்தான் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறதே" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2001 இல் 17 ஆவது திருத்தம் கொண்டுவந்தது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அதைப் பலவீனமாக்கியது. 2015 இல் 19 ஆவது திரும்பவும் பலம் கொடுத்தது. 2020 இல் 20 ஆவது திரும்பவும் எடுத்தது. 2022 இல் 21 ஆவது திரும்பவும் கொடுத்தது. ஊஞ்சல்கூட இவ்வளவு ஆடாது. பொலிஸ்காரரின் பாதுகாப்பு முழுவதும் மேலே இருக்கிறவர்களின் பெரும்பான்மையில் தங்கியிருக்கிறது. 2010 இலும் 2020 இலும் அந்த ஆணைக்குழுவின் அதிகாரத்தைக் குறைத்தபோது, அதனால் நேரடியாகப் பாதிக்கப்படப்போகிற பத்தாயிரக்கணக்கான பொலிஸார் சார்பில் "இது எங்களுக்கு வேண்டாம்" என்று வாய்திறந்து சொல்ல ஒரு அமைப்பும் இருக்கவில்லை. சங்கம் இருந்திருந்தால் நின்றிருக்குமா, தெரியாது. ஆனால் ஒரு அறிக்கையாவது வந்திருக்கும்.

2022 ஏப்ரலில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் சீருடையோடு காலிமுகத்திடல் போராட்டக் களத்துக்குப் போய்ப் பேசினார், ஞாபகமா? பணி இடைநிறுத்தம், கைது. நான் அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. சீருடையோடு அரசியல் மேடை ஏறுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பேசுவதற்கு முறையான ஒரு இடமும் இல்லாத படையில் பேச்சு இப்படித்தான் உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு நேரடி நலனும் உண்டு. பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இல்லை என்று எத்தனை வருடமாக முறையிடுகிறோம்? சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்த தாய்மாரை எனக்குத் தெரியும். பொலிஸுக்கு ஆள் எடுக்கும்போது நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதில்லை என்று சொல்வார்கள். ஏன் விண்ணப்பிப்பதில்லை? சாதாரண தரம் முடித்த பையனின் உம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். "ஜும்ஆவுக்குப் போக விடுவாங்களா? நோன்பு துறக்க நேரம் குடுப்பாங்களா?" என்பார். அரச அலுவலகங்களில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது, றமழானுக்கு வருடாவருடம் சுற்றறிக்கையும் வரும். பொலிஸில் அது பொறுப்பதிகாரியின் மனதைப் பொறுத்தது. நல்ல ஓஐசி கிடைத்தால் ஜும்ஆ கிடைக்கும், கிடைக்காவிட்டால் கிடைக்காது. ஒரு படைக்குள் சிறுபான்மையாக இருப்பவனுக்குத்தான் எழுத்தில் உள்ள ஒப்பந்தம் அதிகம் தேவை. பெரும்பான்மையினருக்கு வழக்கமாகக் கிடைப்பதை அவன் ஒவ்வொரு கிழமையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பௌத்த கான்ஸ்டபிளுக்கு வெசாக் அன்று லீவு இல்லாததும் இதே பிரச்சினைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

றமழான் இரவுகளில் நாம் தறாவீஹ் தொழும்போது பள்ளி வாசலில் நிற்கிற ரால்ஹாமியை 2019 இலிருந்து பார்த்துவருகிறோம். ஒரு கஞ்சிக் கோப்பை கொடுக்கிறோம், நல்ல விஷயம். அவர் காலையிலிருந்து நிற்கிறாரா, இரவு பத்தரைக்குப் பிறகு எங்கே போவார், அடுத்த நாள் எத்தனை மணிக்குத் திரும்ப வருவார் என்று கேட்டவர் குறைவு. வேலையாளின் கூலியைத் தாமதிக்கக் கூடாது, தாங்க முடியாத சுமையை ஏற்றக் கூடாது என்ற நபிவழியை மிம்பரிலிருந்து கேட்கிறோம். அது கடை முதலாளிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணின் எஜமானிக்கும் மட்டும் சொல்லப்பட்டதல்ல, அரசாங்கத்துக்கும்தான்.

இப்போது வேலைநிறுத்தம். இதில் நான் நானாமாரின் பக்கம். பொலிஸும் தீயணைப்பும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது.

உலகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1918 ஓகஸ்டில் லண்டன் பொலிஸ் கிட்டத்தட்ட முழுதாக வேலையை நிறுத்தியது. யுத்த காலம், விலைவாசி ஏற்றம், சம்பளம் காணாது. பிரதமர் லொயிட் ஜோர்ஜ் உடனே இறங்கி வந்து சம்பளத்தைக் கூட்டினார். அடுத்த வருடம் திரும்பவும் முயன்றார்கள். இந்த முறை லண்டனில் ஆள் சேரவில்லை, லிவர்பூலில் பாதிப்பேர்வரை நிறுத்தினார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, இராணுவம் இறங்கியது. நிறுத்திய ஒவ்வொருவரும் வேலை இழந்தார்கள், ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. அதே 1919 செப்டெம்பரில் அமெரிக்காவின் பொஸ்டனிலும் இதே கதை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொலிஸார் நின்றார்கள், நகரம் கொள்ளைபோனது, அத்தனை பேரும் நீக்கப்பட்டார்கள். நானா சொன்ன கள்ளன் கதை நகைச்சுவையல்ல, நடந்தது.

ஆனால் பிரித்தானியா அதற்குப் பிறகு என்ன செய்தது என்பதுதான் நமக்குத் தேவையான பாடம். 1919 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து பொலிஸ் தொழிற்சங்கத்தைத் தடைசெய்தார்கள். அதே சட்டத்தில் பொலிஸ் பெடரேஷன் என்ற அமைப்பையும் உண்டாக்கினார்கள். கீழ்நிலைப் பொலிஸாரே தெரிவுசெய்கிற பிரதிநிதிகள், சம்பளம், நலன், வேலை நிலைமை பற்றி அரசாங்கத்தோடு பேசுகிற உரிமை, வேலைநிறுத்தம் கிடையாது. அதோடு டெஸ்பரோ குழு என்று ஒரு குழுவை வைத்துச் சம்பளத்தை நன்றாக உயர்த்தினார்கள். அந்தப் பெடரேஷன் இன்றைக்கும் இருக்கிறது. 1935 இல் நமக்குத் தொழிற்சங்கச் சட்டம் எழுதித் தந்த அதே வெள்ளைக்காரன், தன் நாட்டில் 16 வருடத்துக்கு முதலே பொலிஸுக்கு ஒரு மேசை போட்டுவிட்டு, நமக்குத் தடையை மட்டும் தந்துவிட்டுப் போனான். அவன் போன பிறகும் நாம் அதைத் தொடவில்லை, அதுதான் வெட்கம்.

தூரத்துக்கே போக வேண்டாம். கேரளாவில் 1979 இலிருந்து பொலிஸ் சங்கம் இயங்குகிறது. தேர்தல் வைக்கிறார்கள், மாநாடு நடத்துகிறார்கள், கோரிக்கை வைக்கிறார்கள். கேரளாவில் சட்டம் ஒழுங்கு நொறுங்கிவிடவில்லை. அந்த 1979 இல்தான் இந்தியாவின் பல மாநிலங்களில் பொலிஸார் வீதிக்கு இறங்கி, பொக்காரோவில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் மீது இராணுவம் சுடுகிற அளவுக்குப் போனது. தமிழ்நாட்டில் கான்ஸ்டபிள்மாருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று அரசாணை வருவதற்கு 2021 ஆகிவிட்டது. ஒருநாள் ஓய்வு! அதற்கே இவ்வளவு காலம்.

சர்வதேச தொழில் தாபனத்தின் இரண்டு முக்கிய சமவாயங்களை, 98 ஆவதை 1972 இலும் 87 ஆவதை 1995 இலும், நம் நாடு ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது. ஆயுதப்படைக்கும் பொலிஸுக்கும் எவ்வளவு உரிமை என்பதை அந்தந்த நாடு தீர்மானிக்கலாம் என்று அவை சொல்கின்றன. ஆகவே பொலிஸ் விடயத்தில் நம் அரசாங்கம் சமவாயத்தை மீறுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதிவிலக்குக்குள் சிறைச்சாலை உத்தியோகத்தரும் தீயணைப்பு வீரரும் வரமாட்டார்கள் என்பது அந்தத் தாபனத்தின் மேற்பார்வைக் குழுக்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிற விடயம். நாமோ சிறைச்சாலையை இன்னும் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறோம். கொள்ளக்கூடியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆட்களை அடைத்து வைத்திருக்கிற சிறைகளில், 2020 நவம்பரில் மஹரவில் 11 பேர் செத்த மாதிரி நிலைமைகளுக்கு நடுவில் வேலை செய்கிறவர், "இத்தனை பேருக்கு இத்தனை காவலர் காணாது" என்று கூட்டாகச் சொல்ல முடியாது. அப்படி அவர் சொல்லியிருந்தால் காப்பாற்றப்படுவது அவர் மட்டுமல்ல, உள்ளே இருக்கிறவனும்தான்.

அதே தாபனம் இன்னொன்றும் சொல்கிறது: வேலைநிறுத்த உரிமையை எடுத்தால் அதற்கு ஈடாக, பக்கச்சார்பற்ற, விரைவான நடுத்தீர்ப்பு முறை ஒன்றைக் கொடுக்க வேண்டும். இதுதான் என் வாதத்தின் முதுகெலும்பு. வேலையை நிறுத்த மாட்டேன் என்று ஒருவன் சத்தியம் செய்து கொடுத்தால், அதற்குப் பதிலாக நாம் அவனுக்கு என்ன கொடுத்தோம்? இலங்கை எடுத்துவிட்டது, ஈடு கொடுக்கவில்லை. உரிமை இருக்கிறவர்களுக்கும் 1979 ஆம் ஆண்டின் அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம் தலைக்கு மேல் தொங்குகிறது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்ததை நம் ஊரில் மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தக் குடும்பங்களில் சில திரும்ப எழும்பவே இல்லை.

தீயணைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பிரச்சினை வேறு. தீயணைப்பு வீரருக்குச் சங்கத் தடை இல்லை. ஆனால் நம் நாட்டில் தீயணைப்பு பெரும்பாலும் மாநகர சபை, நகர சபைகளின் வேலை. கொழும்புக்கு ஒன்று, கண்டிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் சிறு எண்ணிக்கை ஆட்கள், அவர்களிலும் தற்காலிக ஊழியர்கள் இருப்பார்கள். அவர்கள் குப்பை, தண்ணீர், வரி என்று சபையின் மற்ற ஊழியரோடு சேர்ந்து ஒரு சங்கத்தில் இருப்பார்கள். சம்பளத்தைத் தீர்மானிப்பது கொழும்பிலிருந்து வருகிற சுற்றறிக்கை. உபகரணம் வாங்குவது சபையின் வருமானம். ஆகவே யாரோடு பேரம் பேசுவது?

பேரம் என்றதும் சம்பளம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். புகைக்குள் போகிறவனுக்குச் சுவாசக் கருவி இருக்கிறதா, அது கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, ஒரு வண்டிக்கு எத்தனை பேர் போக வேண்டும், மண்சரிவில் தோண்டப் போகிறவனுக்குக் காப்புறுதி எவ்வளவு. இதெல்லாம் மேசையில் பேச வேண்டியவை. நகரத்தில் கடைத்தெருவில் இருக்கிற முதலாளிமார் யோசியுங்கள். துணிக்கடையில் தீப்பிடித்தால் வருகிற வண்டியில் நாலு பேர் வருவதா இரண்டு பேர் வருவதா என்பது அவர்களுடைய உரிமைப் பிரச்சினையா, உங்களுடைய சொத்துப் பிரச்சினையா? வில்கமுவவிலும் லக்கலவிலும் இருக்கிறவர்களுக்கு நான் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, நகரத்திலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் சாம்பல்தான் இருக்கும்.

ஜப்பானில் தீயணைப்பு வீரருக்கு இன்றும் தொழிற்சங்க உரிமை இல்லை. சர்வதேச தொழில் தாபனம் விடாமல் கேட்டதால் 1990 களின் நடுப்பகுதியில் ஒவ்வொரு தீயணைப்பு அமைப்பிலும் ஊழியர் கருத்தைக் கேட்கும் குழு ஒன்றைச் சட்டத்தால் அமைத்தார்கள். அது போதாது என்று அங்குள்ளவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நம்மிடம் அதுவும் இல்லை.

சரி, பொலிஸ் சங்கத்தால் கெடுதல் வராதா? வரும். அமெரிக்காவைப் பாருங்கள். 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் கழுத்து நெரிபட்டுச் செத்த பிறகு, அந்த நாட்டுப் பொலிஸ் சங்க ஒப்பந்தங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. தவறு செய்து நீக்கப்பட்ட பொலிஸ்காரர் நடுத்தீர்ப்பு வழியாகத் திரும்ப வேலைக்கு வருவது, பழைய முறைப்பாடுகளைக் கோவையிலிருந்து அழிப்பது, விசாரணைக்கு முன் அவகாசம் கொடுப்பது, இப்படியெல்லாம் பேரம் பேசி எழுதிவைத்திருந்தார்கள். விஸ்கொன்சின் மாநிலத்தில் 2011 இல் ஆசிரியர் உட்பட அரச ஊழியரின் பேர உரிமையைப் பெரும்பாலும் பறித்த ஆளுநர், பொலிஸுக்கும் தீயணைப்புக்கும் மட்டும் கை வைக்கவில்லை. நம் நாட்டுக்கு நேர் எதிர். அங்கே சங்கம் அரசியல்வாதியின் கூட்டாளியாகிவிட்டது.

ஆகவே என் கோடு இங்கே. சம்பளம், வேலை நேரம், லீவு, விடுதி, காப்புறுதி, பதவியுயர்வு முறை, இடமாற்ற முறை, இவை மேசைக்கு வரட்டும். பொதுமகன் கொடுத்த முறைப்பாடு, தடுப்புக்காவலில் அடித்தது, செத்தது, இவை மேசைக்கு வரவே கூடாது. அது நீதிமன்றத்துக்கும் பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் உரியது. எந்த ஒப்பந்தமும் அதைத் தொட முடியாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். கட்சிச் சார்பு கூடாது, வெளிச் சம்மேளனங்களோடு சேரக் கூடாது, வேலைநிறுத்தம் கூடாது. தெரிவு இரகசிய வாக்கெடுப்பில் நடக்க வேண்டும். கான்ஸ்டபிள், சார்ஜன்ட் தரத்துக்குத் தனிப் பிரதிநிதிகள் வேண்டும், ஏனென்றால் உயரதிகாரிகள் சேர்ந்தால் கீழே இருப்பவன் திரும்பவும் கைகட்டி நிற்பான்.

"காசு எங்கே?" என்று கேட்பவர்களுக்கு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆகக் கட்டங்கட்டமாக உயரும் என்று அறிவித்தார்கள், பொலிஸாருக்கும் அதில் பங்குண்டு. மேலதிகமாகக் கொடுக்க அரசாங்கத்திடம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். மேசையில் இருந்து கணக்கைக் காட்டிச் சொல்லட்டும். லீவுப் பட்டியலை ஒரு மாதத்துக்கு முன் ஒட்டுவதற்கு எத்தனை கோடி வேண்டும்? இரண்டு டியூட்டிக்கு இடையில் எட்டு மணித்தியாலம் தூங்க விடுவதற்கு உலக வங்கியிடம் கடன் கேட்க வேண்டுமா?

இதைச் செய்யக்கூடிய ஒரு அரசாங்கம் இருந்தால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். 2024 இல் வந்தவர்கள் தொழிற்சங்கங்களில் வளர்ந்தவர்கள். தொழில் பிரதி அமைச்சராக நியமிக்கப்பட்ட மஹிந்த ஜயசிங்க 2021 இல் இலங்கை ஆசிரியர் சேவை சங்கத்தின் செயலாளராக எங்களோடு வீதியில் நின்றவர். பொலிஸ் தண்ணீர்த்தாரைக்கு முன்னால் நின்றவருக்கு, அந்தத் தாரையைப் பிடித்திருந்தவனின் நிலைமையும் விளங்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஐந்து எம்.பி.மார் இருக்கிறார்கள். பாதை போட்டுத்தா, பாலம் கட்டித்தா என்று கேட்கப் போகும்போது, 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஒரு பிரிவைத் திருத்தச் சொல்லியும் ஒரு கடிதம் கொடுக்கலாம். பள்ளி நிர்வாகம், விகாரை சபை, கோயில் சபை, வர்த்தக சங்கம் நாலும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. வரைவை எழுத நான் தயார். இந்த மாதக் கடைசிக்குள் யார் யார் சேர்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொரு விடயம். இந்தப் பதிவை வாசிக்கிற பொலிஸ், சிறைச்சாலைச் சகோதரர்கள் தயவுசெய்து லைக் போட வேண்டாம், கொமென்ட் எழுத வேண்டாம், பகிரவும் வேண்டாம். அரச ஊழியர் சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்வது தாபனக் கோவைப்படி குற்றம் என்று 2022 செப்டெம்பரில் சுற்றறிக்கையே வந்தது. எனக்கு ஏதும் நடந்தால் கேட்க என் சங்கம் இருக்கிறது. உங்களுக்கு இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள், பிளேன்டீ குடித்துக்கொண்டு பேசுவோம்.